சம்பந்தி வீட்டுக் கொல்லையில் ஒரு குழி

பாப்பா,

உன் கல்யாணப் பத்திரிகைக்கு மேட்டர் கொடுக்கப் போனபோது அச்சகத்துக்காரர் ஒரு கேள்வி கேட்டார். பெண் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி., பி.எட். போட்டாகிவிட்டது, மாப்பிள்ளைக்கும் ஒரு முழ நீளத்துக்குப் படிப்பு இருக்கிறது, பெண்ணின் தகப்பனாருக்கு என்ன போடுவது, மெக்கானிக் என்றா, இன்ஜினியர் என்றா என்றார். "பெரம்பலூர் அரியலூர் இரு மாவட்டத்துக் குளிர்பதனப் பெட்டிகளுக்கும் சலவை எந்திரங்களுக்கும் மாமன்னர்" என்று போடச் சொன்னேன். பாவம், அவர் எழுதியே விட்டார். உன் அம்மா பேனாவைப் பிடுங்கி அதை அடித்தாள். அதனால்தான் என் பெயருக்குப் பின்னால் வெறும் காகிதம் தெரிகிறது. வழக்கமாக இப்படி ஒன்றைச் சொன்னால் நீ சிரிப்பாய். இந்தத் தடவை "சாவி எங்க" என்று கேட்டுவிட்டு ஸ்கூலுக்குப் போய்விட்டாய். உன் மாமனாராகப் போகிறவர் வீட்டுக் கொல்லையில் நான் குழி வெட்டிய நாளிலிருந்து, "சாவி எங்க", "சாப்டீங்களா" என்ற இரண்டு வாக்கியங்களில்தான் நம் இருவரின் உறவு நடந்துகொண்டிருக்கிறது. கணக்கு டீச்சரின் அப்பா ஊரறிய மூடநம்பிக்கைக் கூத்து நடத்தினார் என்பது உன் வழக்கு. வழக்கு நியாயமானதுதான். ஆனால் நடந்தது முழுக்க உனக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் உன்னை அந்த வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஏனென்றால் இனி அங்கே ஈரக்கையும் வெறுங்காலுமாக நிற்கப் போகிறவள் நீ.

முதலில் என் ராஜ்ஜியத்தைப் பற்றி. கடை கிடையாது, போர்டு கிடையாது, சட்டையில் கம்பெனி பெயர் கிடையாது, தலைக்கு மேல் ஒரு மேனேஜர் கிடையாது. ஒரு மொபெட், அதன் முன்னால் ஒரு பை, பைக்குள் உலகத்தில் பிறந்த எல்லா ஸ்க்ரூக்களிலும் ஒவ்வொன்று. போன் அடித்தால் கிளம்புவேன். காலையில் பெரம்பலூரில் கிரைண்டர் என்றால் மத்தியானம் அரியலூரில் ஃபிரிட்ஜ், சாயந்திரம் திருமழபாடியில் வாஷிங் மெஷின். அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னாலேயே ஓட்டி வீடு திரும்பும்போது, மேலெல்லாம் வெள்ளைத் தூள் அப்பி, என் சிலையை நானே ஓட்டி வருவதுபோல் இருப்பேன். தெரு நாய்கூட யோசித்துத்தான் குரைக்கும். இந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீருக்குத் தனியாக ஒரு புராணம் பாடலாம். ஒரு வீட்டில் வாஷிங் மெஷினைக் கழற்றிப் பார்த்தால், உப்பு படிந்து படிந்து உள்ளே இன்னொரு வாஷிங் மெஷின் வார்த்து வைத்திருந்தது. வெளியில் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே இருப்பதை ஓட்டிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அந்த வீட்டம்மா சம்மதித்திருப்பார், அவ்வளவு துணி சேர்ந்து கிடந்தது.

எனக்குத் தீபாவளி என்பது ஆயுத பூஜைக்கு மறுநாள். முந்தின நாள் இரண்டு மாவட்டத்திலும் மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் ஒன்று பாக்கியில்லாமல் எருமையைக் குளிப்பாட்டுகிற மாதிரி குளிப்பாட்டுவார்கள். குழைத்த சந்தனத்தைப் பட்டன் இருக்கிற இடமாகப் பார்த்து அப்புவார்கள், மெஷினுக்கு நெற்றி அதுதானே. கற்பூரத்தை பிளாஸ்டிக் மூடிக்கு நேராகக் காட்டுவார்கள். மறுநாள் பொழுது விடியும்போது என் போன் சாமியாடும். போகிற வீட்டிலெல்லாம் ஒரே வார்த்தைதான், "நேத்துதாங்க பூஜை போட்டோம், அதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சு." பூஜையால்தான் இப்படி ஆனது என்று நான் ஒரு வீட்டிலும் சொன்னதில்லை. அதைச் சொல்லுகிற துணிச்சல் இந்த மாமன்னருக்குக் கிடையாது. மெஷினைக் கவிழ்த்து உலர்த்தி, பூட்டி, ஓட்டிக் காட்டிவிட்டு, "அடுத்த வருஷம் இந்தப் பட்டன் மேல ஈரம் படாம வைங்கம்மா, சாமி கண்ணு அது" என்பேன். பட்டன் பட்டன் என்று தலையால் அடித்துக்கொண்டாலும் கேட்காதவர்கள், கண் என்றதும் கேட்பார்கள். அந்த வீட்டில் அதற்கப்புறம் அந்தக் கோளாறு வராது. இந்த வித்தையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள், குழி இதிலிருந்துதான் கிளம்பப் போகிறது.

இன்னொன்றும் இந்தத் தொழிலில் பார்த்தேன். ஒரு மெஷின் கெட்டால் முதல் வாரம் வீட்டில் எல்லோரும் திட்டுவார்கள், இரண்டாவது வாரம் அதைச் சமாளிக்க ஒரு வழி கண்டுபிடிப்பார்கள், அதற்கப்புறம் அந்த வழிதான் குடும்ப வழக்கம். கீழப்பழுவூரில் ஒரு வீட்டில் வாஷிங் மெஷின் பிழிகிற நேரத்தில் துள்ளிக்கொண்டு வாசலுக்கே வந்துவிடும். அதனால் அந்த வீட்டு மாமியார் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். அது நிற்கிறவரை அவர் மேலே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள். இன்னொரு வீட்டில் ஃபிரிட்ஜ் குளிர்ச்சியை விட்டு வருஷக்கணக்காகிவிட்டது. என்னைக் கூப்பிட்டது அதற்காக இல்லை. காய்கறிப் பெட்டியில் பட்டுப்புடவையும் நிலப் பத்திரமும் வைத்திருந்தார்கள், எலி போகாத ஒரே இடம் அதுதான், கதவு சரியாகப் பூட்டவில்லை என்று கூப்பிட்டார்கள். நான் பூட்டைச் சரி செய்து கொடுத்துவிட்டு வந்தேன். இப்படி ஒரு வழக்கம்தான் உன் புகுந்த வீட்டிலும் இருந்தது. அது சிரித்துவிட்டுப் போகிற வழக்கமாக இல்லை.

மாப்பிள்ளை வீடு பார்க்க நானும் உன் அம்மாவும் பெரியப்பாவும் கிளம்பிய அன்று காலையில் நீ சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "அப்பா, அங்க போயி எதையும் கழட்டிப் போட்டுட்டு வராதீங்க. கை நனைச்சிட்டு வாங்க, அது போதும்" என்றாய். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். பேச்சு முடிந்து மனது ஒத்துப்போனால்தான் பெண் வீட்டார் அந்த வீட்டில் இலையில் உட்காருவது. சாப்பிட்டால் சம்மதம். சாப்பிடாமல் எழுந்தால், வயிற்று வலி, விரதம் என்று என்ன சமாதானம் சொன்னாலும் அது சம்மதமில்லை. நீயும் அந்தப் பையனும் உங்களுக்குள் பேசி முடித்து, இரண்டு வீட்டையும் மெல்ல மெல்லக் கரைத்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த நாள் அது. உன் அம்மா அதற்கு மேல் ஒரு காவல் போட்டாள். பட்டுச் சட்டைப் பையில் நான் செருகியிருந்த, கரண்டு பார்க்கிற டெஸ்டரை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். ஆயுதம் பறிக்கப்பட்ட அரசனாகத்தான் உடையார்பாளையத்தைத் தாண்டி அந்த முந்திரிக்காட்டு வீட்டுக்குள் நுழைந்தேன்.

நல்ல வீடு பாப்பா. நல்ல மனிதர்கள். உன் மாமனார் அதிகம் பேசாதவர், பேசினால் அதில் பாதி அவருடைய மூத்த மாப்பிள்ளையைப் பற்றியதாக இருக்கும். உட்கார்ந்து வெற்றிலைத் தட்டு வருவதற்குள்ளேயே சொல்லிவிட்டார்: "இந்த வூட்டு வயரிங் பூரா எங்க மாப்பிள்ளை கையால பண்ணது சம்பந்தி. வெளியாளு ஒருத்தன் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கிட்டு உள்ள வந்ததில்ல." மகளைக் கட்டியவர், ஜெயங்கொண்டத்தில் வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவர். நான் தலையாட்டினேன். ஃபிரிட்ஜ் ஹாலில், என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றது. தலையில் பூப்போட்ட துணி, துணிமேல் பிளாஸ்டிக் ரோஜா. நான் அதைப் பார்க்கவில்லை. உன் அம்மா நான் அதைப் பார்க்கவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்போது உன் மாமியார் எங்களுக்குத் தண்ணீர் எடுக்க அடுப்படியிலிருந்து வந்தார். ஃபிரிட்ஜுக்கு முன்னால் ஒரு மரப்பலகை கிடந்தது. காலால் துழாவி அதன்மேல் ஏறினார். தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்து, அதை வைத்துக் கைப்பிடியைப் பிடித்துத் திறந்தார். பாட்டிலை எடுத்தார், முழங்கையால் கதவைச் சாத்தப் போனவர், நிறுத்தி, துண்டாலேயே சாத்தினார். ஒரு தாளம் தப்பாமல் நடந்தது. கோயிலில் அபிஷேகம் செய்கிறவர்களுக்கு இருக்கிற பழக்கம் அந்தக் கையில் இருந்தது. பலகை எதற்கு என்று நான் விளையாட்டாகக் கேட்டேன். உன் மாமனார் சிரித்தார். "அவளுக்கு மட்டும் ஷாக் அடிக்கும்ங்க. ஒடம்புல கரண்டு ஜாஸ்தி. மொதல்ல இருந்த ஃபிரிட்ஜும் அடிச்சுச்சு. சரின்னு அதை மாத்தி இதை வாங்கினோம், இதுவும் அவளைத்தான் அடிக்குது. எங்களுக்கெல்லாம் ஒண்ணுமில்ல. அப்ப கோளாறு யாரு கிட்ட, நீங்களே சொல்லுங்க." எல்லோரும் சிரித்தார்கள். உன் மாமியாரும் சிரித்தார், தனக்கு சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிக் காப்பியைத் தள்ளி வைக்கிறவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

நான் அந்த வீட்டு ஆண்களின் கால்களைப் பார்த்தேன். எல்லோர் காலிலும் வீட்டுக்குள் போடுகிற ரப்பர் செருப்பு. உன் மாமியார் காலில் ஒன்றும் இல்லை, புடவை ஓரம் ஈரம், கை எப்போதும் ஈரம். நான் செருப்பை வாசலில் விட்டு வந்தவன். பெரியப்பா மழையைப் பற்றி ஏதோ ஆரம்பித்த நேரம் பார்த்து, சோம்பல் முறிப்பதுபோல் புறங்கையை ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் வைத்தேன். எங்கள் தொழிலில் முதலில் புறங்கைதான். உள்ளங்கையால் தொட்டு கரண்டு இருந்துவிட்டால் விரல் மடங்கிப் பிடித்துக்கொள்ளும். உடையார்பாளையத்தில் கை வைத்தேன், என் முடி கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்துக்கு மேலே எழுந்து நின்றது என்று சொல்ல ஆசைதான். நிஜத்தில் அவ்வளவு இல்லை. காய்ந்த கைக்கு ஒரு கட்டெறும்புக் கூட்டம் ஊர்ந்து போன மாதிரி இருந்தது. காய்ந்த கைக்கே அவ்வளவு. அதைவிடப் பெரிதாக எதையும் அன்றைக்கு நான் நினைக்கவில்லை, அந்த இடத்தில் மனதுக்குள் உன் கையை வைத்துப் பார்த்ததைத் தவிர.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பிளக் பாயின்ட்டில் மேலே பெரிதாக ஒரு ஓட்டை இருக்கிறதே, எர்த், அது மெஷினிலிருந்து கசிகிற கரண்டை ஒரு வயர் வழியாகக் கொண்டுபோய்க் கொல்லையில் மண்ணுக்குள் விடுவதற்கு. வீட்டில் உள்ள எல்லா மெஷினுக்கும் அந்த வயர் ஒன்றாகச் சேர்ந்துதான் மண்ணுக்குப் போகும். மண்ணுக்கே போகாமல் எங்கேயோ தொங்கினால், மோட்டாரில் கசிகிறதும் கிரைண்டரில் கசிகிறதும் சேர்ந்து ஃபிரிட்ஜ் உடம்பில் வந்து நின்றுகொண்டு, ஈரக்கையோடு யார் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். ஃபிரிட்ஜை நூறு தடவை மாற்றினாலும் அடிக்கும். ஒருநாள் எறும்பு ஊரும், இன்னொரு நாள், மழைக்காலத்தில், தரையும் நனைந்திருந்தால், ஆளையே தூக்கிவிடும். தொழிலில் அப்படி இரண்டு வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். இரண்டு தடவையும் நான் போனது, நடந்து முடிந்தபிறகு.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். யாரிடம் சொல்வது? பெண் கொடுக்க வந்த இடத்தில், வந்து உட்கார்ந்த ஒரு மணி நேரத்தில், அந்த வீட்டு மூத்த மாப்பிள்ளை செய்த வேலை சரியில்லை என்று சொல்வதா? மாப்பிள்ளை செய்ததில் குற்றம் சொல்ல முடியாததால்தான் அந்த அம்மாவின் உடம்பில் குற்றம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். நான் வாயைத் திறந்தால் அந்தப் பையனுடைய அக்கா, "என் வூட்டுக்காரரு வேலையை நேத்து வந்தவங்க குத்தம் சொல்றாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உன் கல்யாணம் அத்தோடு முடிந்தது. சொல்லாமல் கை நனைத்துவிட்டு வந்தால் கல்யாணம் நடக்கும், பலகைமேல் நிற்கிற முறை உனக்கு வரும். இப்படி நான் இரண்டு பக்கமும் நசுங்கிக்கொண்டிருந்தபோது இலை போட்டுவிட்டார்கள். உன் மாமியார் வந்து, "சாப்பிடலாம் வாங்க சம்பந்தி" என்றார். அதுவரை அண்ணே என்றவர், முதல் தடவையாகச் சம்பந்தி என்றார்.

என் வாய் தானாகத் திறந்தது. "ஒரு வேண்டுதல் பாக்கி இருக்குதுங்க. அதை முடிக்காம நாங்க பொண்ணு குடுக்கிற வூட்ல கை நனைக்கக் கூடாது" என்றேன். பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எந்த சாமிக்கு என்று கேட்டார்கள். குலசாமிக்கு, பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்றேன். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளை வீட்டுக் கொல்லையில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்ட வேண்டும், நடுவில் ஒரு இரும்புக் குழாயை நட்டு, சுற்றிலும் உப்பும் அடுப்புக்கரியும் மாற்றி மாற்றிப் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பூமியைக் குளிர வைக்க வேண்டும், அங்கிருந்து ஒரு செம்புக் கயிறு, மேலே பச்சை சுற்றியது, வீட்டு அக்னி மூலைக்குப் போக வேண்டும் என்றேன். மெயின் பெட்டி அக்னி மூலையில் இருப்பதை உள்ளே நுழையும்போதே பார்த்திருந்தேன். உன் மாமனார் எழுந்து கொல்லைப்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "பால் காய்ச்சின வூட்ல குழி வெட்டக் கூடாதும்பாங்களே" என்றார். "நீங்க வெட்டக் கூடாதுங்க. பொண்ணு வூட்டுக்காரன் வெட்டலாம், அதான் இதுல விசேஷமே" என்றேன். அவர் அதை யோசித்துப் பார்த்துவிட்டு, சாமி காரியம் என்றால் தட்டக் கூடாது, புதன்கிழமை வாங்க என்றார். போட்ட இலையை எடுத்தார்கள். நாங்கள் பட்டினியாக பஸ் ஏறினோம். வழி முழுக்க உன் அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு ஒரு பிளக்கைச் செருகியிருந்தால் கிரைண்டரே ஓடியிருக்கும். அவளிடம் அரியலூர் தாண்டியதும் சொல்லிவிட்டேன்.

உன்னிடம் சொல்லவில்லை. கை நனைக்கவில்லை என்றதும் நீ முகம் வெளுத்து நின்றாய், காரணத்தைக் கேட்டதும், "என்னப்பா, நரபலியா குடுக்கப் போறீங்க" என்றாய். உண்மையைச் சொன்னால் நீ அந்தப் பையனிடம் சொல்வாய். அவன் நேர்மையான பையன், நேராகப் போய் அக்கா வீட்டுக்காரரிடம் கேட்பான். நேர்மையானவர்களை வைத்துக்கொண்டு இந்த மாதிரி வேலைகளைச் செய்ய முடியாது. அதனால் உன் கண்ணில் நான் பூசாரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை நானும் இரண்டு ஆட்களும் போய்க் கடப்பாரையைப் போட்டோம். முந்திரிக்காட்டுச் செம்மண், சரளை, வறண்டது. கடப்பாரை போட்டால் பொறி பறந்தது, பக்கத்துத் தோப்பில் முந்திரிக்கொட்டை வறுபட்ட வாசனை வந்தது என்றே சொல்வேன். ஊர்ப் பெண்கள் வேலியோரம் கூடி நின்றார்கள். உன் மாமியார் குழாயை வாங்கி மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக் கொடுத்தார். நான் மனதுக்குள் மல்டிமீட்டரை நினைத்துக்கொண்டு கண்களை மூடி வணங்கினேன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது வாசலில் பைக் சத்தம் கேட்டது. ஜெயங்கொண்டத்து மாப்பிள்ளையை உன் மாமனார் மரியாதைக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

அவர் கொல்லைக்கு வந்து குழியின் விளிம்பில் நின்றார். மற்றவர்கள் கண்ணுக்கு அது பூஜை. அவர் தொழில்காரர். குழாயைப் பார்த்தார், கரியைப் பார்த்தார், உப்பு மூட்டையைப் பார்த்தார், என் தோளில் வளையமாகக் கிடந்த பச்சை வயரைப் பார்த்தார், கடைசியாக என் முகத்தைப் பார்த்தார். குழிக்குள் கழுத்தளவு நின்றுகொண்டிருந்த நான், உன் கல்யாணம் இப்போது என் தலைமேல் மண்ணோடு சேர்ந்து விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்: இது எர்த் குழி. அதைச் சொன்னால் நான் பொய்யன், அவர் வேலை தெரியாதவர், இரண்டும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்.

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "சாமிக்கு உப்பு பத்தாது மாமா" என்றார். "இது வறண்ட மண்ணு. இன்னொரு மூட்டை போடணும்."

ஆள் அனுப்பி அவரே வாங்கி வரச் செய்தார். நான் மேலே ஏறியதும் பச்சை வயரை என் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு, அக்னி மூலைக்குத் தானே கொண்டுபோவதாகச் சொன்னார். மெயின் பெட்டியைத் திறந்து, அதற்கும் ஹாலில் இருந்தவர்களுக்கும் நடுவில் தன் முதுகை வைத்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வீட்டிலுள்ள அத்தனை எர்த் வயரும் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றி, அழகாக மடித்துத் தொங்கவிடப்பட்டிருந்தது. சோம்பேறி செய்த வேலை இல்லை அது. ஒருநாள் மண் கிடைக்கும் என்று எடுத்து வைத்தவன் செய்த வேலை. அவராகத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "குழி வெட்டறதுக்குள்ள பால் காய்ச்சிட்டாங்க மாமா. அப்புறம் வெட்ட வுடல. நான் சொன்னா, வூட்டுக்கு ஆகாததைச் சொல்றான்னு ஆயிடும்." டேப்பைப் பிரித்து, ஒவ்வொரு முனையையும் சுரண்டி, பச்சை வயரோடு சேர்த்து முடுக்கினார். அடுத்த வாரம் அவரே வந்து, கரண்டு கசிந்தால் தானாக அணைந்துவிடுகிற பிரேக்கர் ஒன்றையும் மாட்டிவிட்டுப் போனாராம், பழைய மெயின் தேய்ஞ்சுபோச்சு என்று சொல்லி.

இதையெல்லாம் கடிதமாக எழுதுகிறீர்களே, அந்த வீட்டில் யாராவது எடுத்துப் படித்தால் என்ன ஆகும் என்று நீ பயப்படாதே. ஜெயங்கொண்டத்து மாப்பிள்ளைக்குத் தெரியும். உன் மாமனாருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆழம் எவ்வளவு, குழாய் எத்தனை இஞ்சு என்று அவர் அன்றைக்குக் கேட்ட கேள்விகள் பக்தன் கேட்கிற கேள்விகள் இல்லை. படித்தாலும் படிக்காத மாதிரி இருந்துவிடுவார்கள், அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். நீயும் போனவுடன் விளக்கம் சொல்லக் கிளம்பாதே. கோடையில் மட்டும் அந்தக் குழிக்கு அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்று, மண் காய்ந்தால் அது வேலை செய்யாது. யாராவது ஏன் என்று கேட்டால் என் அப்பா வீட்டு வழக்கம் என்று சொல், கணக்கு டீச்சருக்கு அந்த ஒரு பொய் பரவாயில்லை. ஏற்கெனவே அந்தத் தெருவில் இரண்டு வீட்டிலிருந்து, எங்க பையனுக்கும் முடிவாயிருக்கு, அந்தக் குழிப் பூஜையை எங்க வூட்லயும் பண்ணி வைப்பீங்களா என்று கேட்டனுப்பியிருக்கிறார்கள். போகத்தான் போகிறேன். இன்னும் கொஞ்ச வருஷத்தில் இந்த இரண்டு மாவட்டத்திலும் எர்த் இல்லாத வீட்டில் பெண் கொடுக்கக் கூடாது என்று சாமியே வந்து சொல்லியிருப்பதாக ஆகிவிடும்.

அன்றைக்குக் கடைசியாக நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன். குழியை மூடி, கை கால் கழுவி வந்தோம், மறுபடி இலை போட்டார்கள். உன் மாமியார் அடுப்படியில் கையைக் கழுவிக்கொண்டு வந்தார், துடைக்கவில்லை, விரல் நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துண்டு தோளில் இல்லை. ஃபிரிட்ஜுக்கு முன்னால் கிடந்த பலகையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். வெறும் தரையில் நின்று, ஈர உள்ளங்கையை அப்படியே கதவின்மேல் வைத்தார். எனக்கு மூச்சு நின்றுவிட்டது, மீட்டர் வைத்துப் பார்த்தவன் நான், இருந்தும் நின்றுவிட்டது. ஜெயங்கொண்டத்து மாப்பிள்ளை தலையைத் தூக்கினார். உன் மாமனார் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் மாமியார் கையை எடுக்கவில்லை, அழுத்தி வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணும் சொல்லலைங்க சம்பந்தி" என்றார். யாரையும் பார்க்காமல், "ரெண்டாவது ஃபிரிட்ஜும் அடிச்சப்ப, எனக்குத்தான் என்னமோன்னு நானே நம்பிட்டேன்" என்றார்.

அவர் கதவைத் திறந்து பாட்டிலை எடுத்து, என் டம்ளரில் தண்ணீர் ஊற்றிவிட்டு, கையாலேயே கதவைச் சாத்தினார். நான் இலைக்குத் தண்ணீர் தெளித்துச் சாப்பிட ஆரம்பித்தேன்.

உன்
அப்பா